களியா, பேலியோவா, எட்டு மணி நேரச் சாப்பாடா?

பெரியவர்களுக்கு எடை ஒரே மாதத்தில் ஏறிவிடுவதில்லை. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 1,20,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தது. நான்கு ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரை கிலோ ஏறியிருந்தது. அப்படியே போனால் இருபது ஆண்டில் ஏழெட்டு கிலோ. சிப்ஸ், சர்க்கரை பானம், ஆட்டுக்கறி மாட்டுக்கறி வகைகளைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. காய், பழம், முழுத்தானியம், கொட்டை வகை, தயிர் ஆகியவற்றைக் கூட்டியவர்களுக்குக் குறைவாகத்தான் ஏறியது. சாப்பாடு மட்டுமே காரணம் என்று இந்த வகை ஆய்வு அறுதியாகச் சொல்லாது. ஆனாலும் தட்டு முழுவதையும் பார்க்கவேண்டும் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் எடை குறைக்க நினைப்பவர்கள் முன்னால் இன்று மூன்று வழிகள் நிற்கின்றன: பழைய சிறுதானியச் சாப்பாடு, தானியத்தை விட்டுக் கறி, முட்டை, காய், கொட்டை வகை என்று மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ, ஒரு நாள் சாப்பாட்டை எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது.

சிறுதானியத்திலிருந்து தொடங்குவோம். ராகிக்களி, கம்மஞ்சோறு, பச்சைப்பயறு கடைசல், கொள்ளுப்பருப்பு, கீரை, மோர் என்று ஒரு காலத்தில் நம் வீடுகளில் இருந்த தட்டு அருமையான தட்டு. ஆனால் ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டு, மூன்று வேளை அரிசிச்சோற்றின் மேல் கொள்ளு ரசம் குடிப்பதால் எடை இறங்காது. களியிலும் கவனம் வேண்டும். 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 320 கலோரி இருக்கிறது. அதே அளவு அரிசியில் 350-க்குச் சற்று மேல். பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்துதான் ராகியில் பல மடங்கு அதிகம், அதனால் சீக்கிரம் வயிறு நிறையும். ஏர் ஓட்டி, நீர் பாய்ச்சியவர் சாப்பிட்ட இரண்டு உருண்டை, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு வேண்டாம். ஒரு உருண்டை, பக்கத்தில் இரண்டு மடங்கு கடைசலும் கீரையும் வைத்துக்கொண்டால் அது எடை குறைக்கும் சாப்பாடு.

பேலியோ எடையை இறக்குகிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரத்தில் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். மாவுச்சத்து குறைந்தால் உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரையும், அதோடு பிணைந்த நீரும் வெளியேறுகின்றன. அப்புறம் நடப்பதுதான் முக்கியம். 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் குறைந்த கொழுப்பு, மறு பகுதிக்குக் குறைந்த மாவுச்சத்து என்று ஓராண்டு பார்த்தார்கள். சராசரியாக முதல் குழு 5.3 கிலோ, இரண்டாவது குழு 6 கிலோ குறைந்தது. கணக்கில் வித்தியாசம் என்று சொல்லமுடியாத அளவு. இரண்டு குழுவுக்கும் சொன்னது ஒன்றுதான்: காய் நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் மைதாவையும் விடுங்கள், வீட்டில் சமையுங்கள். என் கண்ணுக்கு அந்தப் பொதுப்பகுதிதான் பெரிதாகத் தெரிகிறது.

நம் ஊரில் பேலியோவின் இன்னொரு சிக்கல், அது பருப்பையும் பயறையும் சேர்த்து விலக்கிவிடுகிறது. புரட்டாசி முழுக்கக் கறி தொடாத வீட்டில் பிறகு எதைச் சாப்பிடுவது? பேலியோவில் சொல்வதுபோல் காலையில் நூறு பாதாம் என்றால் கிட்டத்தட்ட 700 கலோரி, செலவும் அதிகம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தவே கூடாது; ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும்.

எட்டு மணி நேர முறைக்கு வருவோம். சீனாவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில் இரு குழுவும் ஒரே அளவு கலோரி குறைத்தன. நேரக் கட்டுப்பாடும் வைத்தவர்கள் 8 கிலோ, வைக்காதவர்கள் 6.3 கிலோ குறைந்தார்கள். இந்த இடைவெளியையும் தற்செயல் இல்லை என்று சொல்லமுடியவில்லை. ராத்திரி பத்து மணிப் பரோட்டாவை இந்த முறை நிறுத்துகிறது என்றால் நல்லதுதான். ஆனால் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கோ, சோமனூரில் ராத்திரி தறி ஓட்டுபவருக்கோ இது ஒத்துவராது.

இந்த மூன்றில் எது என்று சண்டை போடும்போது கண்ணில் படாமல் போவது சாயங்கால பேக்கரி. கோவையில் நான்கு மணிக்கு எந்த பேக்கரி காலியாக இருக்கிறது? டீ, பப்ஸ், தேங்காய் பன், கொஞ்ச தூரம் போனால் தள்ளுவண்டிக் காளான். டீக்கு இரண்டு ஸ்பூன் என்று நாலு டீ குடித்தால் சர்க்கரை மட்டும் சுமார் 40 கிராம், 160 கலோரி. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டாலும் கலோரி கிட்டத்தட்ட அதேதான். 2019-இல் அமெரிக்காவில் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஆலையில் பதப்படுத்திய உணவு இரண்டு வாரம், சமைத்த உணவு இரண்டு வாரம் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி ஒரே அளவு. விருப்பம்போலச் சாப்பிடச் சொன்னதில், பதப்படுத்திய உணவில் தினமும் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடை 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவில் அதே அளவு இறங்கியது. அங்கே கொடுத்தது நம் பப்ஸ் இல்லைதான். ஆனாலும் மெல்லும் வேலையில்லாமல் வேகமாக இறங்கும் மைதாப் பண்டம் எங்கேயும் அப்படித்தான் வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், அரிசியைப் பாதியாக்கி, பயறையும் கீரையையும் இரட்டிப்பாக்கிய நம் வீட்டுத் தட்டுக்கே என் ஓட்டு. பத்து வருடம் தொடர முடிகிற முறை அது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே அடுப்பில் சமைக்கலாம். ராத்திரிக்குச் சந்தகை (இடியாப்பம் மாதிரி அரிசிப் பலகாரம்) என்றால் ஒரு கைப்பிடி குறைத்து, கூடவே தட்டைப்பயறு குழம்பு. சாயங்காலம் பேக்கரிக்குப் போகிறவர் போகட்டும், சர்க்கரை இல்லாத டீயும், பையில் கொண்டுபோன அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடியும் போதும்.