பெல் ஏருக்கு எந்த டயர்: பயாஸ் பிளையா, ரேடியலா?

1957 செவர்லே பெல் ஏர் என்ற பழைய அமெரிக்கக் கார் தொழிற்சாலையை விட்டு வந்தது 7.50-14 அளவு பயாஸ் பிளை டயரில், அதாவது உள் இழைகள் சாய்வாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் பழைய வகை டயரில். இழைகள் குறுக்கே நேராக ஓடும் இன்றைய வகையான ரேடியலில் அதற்கு நெருங்கிய அளவு 205/75 ஆர் 14.

நிறுத்தி வைத்து ரசிக்க பயாஸ் பிளைக்கு ஈடில்லை. பக்கச் சுவர் விறைப்பாக நிற்கும், வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். ஓட்டினால்தான் சிக்கல். சாலையில் நீளவாக்கில் தடம் விழுந்திருந்தால் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். ஒரு வாரம் நின்ற வண்டி, ரப்பர் சூடேறும்வரை தடதடவென்று குதிக்கும்.

ரேடியல் வளைவிலும் தரையை விடாது, மழையிலும் பிடி அதிகம். ஆனால் அடிப்பக்கம் லேசாகத் தொப்பை போடும். பார்ப்பவர்கள் காற்று குறைவு என்பார்கள், விடுங்கள். பழைய ரிம்மில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இரண்டு வகையையும் ஒரே வண்டியில் கலக்கவே கூடாது.

வண்டியைத் தாழ்த்தி, பின்சக்கரத்தை மூடும் ஸ்கர்ட்டும் போடுவதாக இருந்தால் அந்தத் தொப்பை உரசலாம். அதனால் முதலில் டயர், பிறகுதான் டிரிம் எனும் அலங்காரத் தகடுகள், ஸ்கர்ட் எல்லாம். டிக்கியில் ஆளை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பாருங்கள். பின்பக்கத்து வரிவரியான அலுமினியத் தகடு ஒருமுறை நசுங்கினால் நிமிர்த்துவது பெரும்பாடு. டிரிம்மை மாட்டும் கிளிப் துளை ஒவ்வொன்றிலும், தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பசை வையுங்கள். இல்லையென்றால் தண்ணீர் இறங்கி உள்ளிருந்தே துரு அரிக்கும்.

என் ஓட்டு, அகல வெள்ளைப் பட்டை போட்ட ரேடியலுக்கு. கண்காட்சிக்கு மட்டும் டிரெய்லரில் போகும் வண்டி என்றால் பயாஸ் பிளை.