கின்னிக் அரங்கில் ஒரு சனிக்கிழமை

ஐயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் ஆட்டம் ஒன்றைக் காண்பதற்காக, சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, டெஸ் மாய்ன் நகரிலுள்ள நண்பர் குடும்பத்துடன் சேர்ந்து ஐயோவா சிட்டிக்குப் போயிருந்தோம். கால்பந்து என்று இங்கே சொல்வது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தை அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நேரில் ஒருமுறை போகலாமா என்று யோசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு உதவும் என்பதால், டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்திற்கு எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கிடைத்தவற்றில் பெரும்பகுதி, 1998ஆம் ஆண்டே பணியிலிருந்து விலகி, 2019 டிசம்பரில் காலமான ஹேடன் ஃப்ரை என்ற பயிற்சியாளர் ஏற்படுத்தி வைத்துவிட்டுப் போனது. அதைத் தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தால் அரங்கம் வேறாகத் தெரியும்.

முதலில் நடைமுறைச் செய்திகள். டெஸ் மாய்னிலிருந்து இண்டர்ஸ்டேட் 80 வழியாகக் கிழக்கே இரண்டு மணி நேரத்திற்குள் போய்விடலாம் என்றாலும், ஆட்ட நாளன்று ஊருக்குள் நுழைவதற்கே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஐயோவா அணியின் கின்னிக் அரங்கம் ஏறத்தாழ 69,000 பேர் அமரும் அரங்கம், அந்த நகரின் மொத்த மக்கள்தொகையே அதைவிடச் சற்றுத்தான் அதிகம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை அல்லாத பெரிய பைகளை வாயிலில் அனுமதிப்பதில்லை. டிக்கெட்டை நான் ஒரு மறுவிற்பனை இணையதளத்தில் வாங்கினேன்; சேவைக் கட்டணம் சேர்ந்து விலை வெகுவாக ஏறிவிட்டது. பல்கலைக்கழகத்திடமே நேரடியாக வாங்குவது நல்லது. உணவைப் பொறுத்தவரை, மெல்ரோஸ் அவென்யூ நெடுகிலும் கூடாரம் போட்டு இறைச்சி வாட்டுகிறார்கள். கையளவு நீளமுள்ள வான்கோழிக் கால் அங்கே பிரசித்தம். சைவ உணவுக்காரர்கள் வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் கொண்டுபோய், உள்ளே நுழைவதற்கு முன்பே வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவது உத்தமம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அரங்கத்திற்குள் போனதும் முதலில் கண்ணில் படுவது சின்னம். கூரிய அலகும் ஒற்றைக் கண்ணும் கொண்ட பருந்துத் தலை, ஏழெட்டுக் கோடுகளில் அடங்கிவிடும் வடிவம், தொப்பியிலும் சட்டையிலும் குழந்தைகளின் கன்னத்திலும் இருக்கிறது. இந்தச் சின்னம் 1979இல் ஃப்ரை வந்து சேர்ந்த ஆண்டில் வரையப்பட்டது. ஆட்டக்காரர்கள் அணிந்திருக்கும் கறுப்பும் பொன்னிறமுமான சீருடையும் அதே ஆண்டில் வந்ததுதான். அப்போது தொழில்முறை ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியிடம் அனுமதி பெற்று, அவர்களுடைய சீருடையைப் போலவே தைக்கச் செய்தார் ஃப்ரை. இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் வந்தபோது ஐயோவா அணி தொடர்ந்து 17 ஆண்டுகளாக, ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றி பெற்றதில்லை. 1973இல் ஆடிய 11 ஆட்டங்களிலும் தோற்றது. (எழுத்தாளர் அசோகமித்திரன் சர்வதேச எழுத்தாளர் திட்டத்திற்காக இந்த ஊருக்கு வந்ததும் அந்த 1973இல்தான் என்பதை நினைத்துக்கொண்டேன்.) பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர் ஃப்ரை. தோற்றவர்களின் தோற்றத்தை முதலில் மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் அணி களத்திற்கு வரும் விதத்தை எல்லாரும் தவறாமல் பார்க்க வேண்டும். மற்ற அணிகள் கத்திக்கொண்டு பாய்ந்து வரும். ஐயோவா ஆட்டக்காரர்கள் கைகோத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் இழுத்துச் செல்லாத மெதுவான ஓட்டத்தில், ஒரே கூட்டமாக வருகிறார்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இளைஞர்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒருவர் விரலை ஒருவர் பற்றியிருப்பதைத் தொலைநோக்கியில் அருகே கொண்டுவந்து பார்த்தேன். பக்கத்தவன் கையை விடாதிருப்பதில் அத்தனை பேரும் கவனமாக இருந்தார்கள். இதுவும் ஃப்ரை தொடங்கிய வழக்கம்.

எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவரின் தொப்பியில், பொன்னிற வட்டத்திற்குள் ஏ, என், எஃப் என்ற மூன்று எழுத்துகள் இருந்தன. ஆட்டக்காரர்களின் தலைக்கவசத்திலும் அதே வட்டம் உண்டு. ‘அமெரிக்காவுக்கு விவசாயிகள் தேவை’ என்பதன் சுருக்கம் அது. 1980களின் நடுவில் வட்டி விகிதம் ஏறி, நிலத்தின் விலை விழுந்து, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் ஐயோவாவின் குடும்பப் பண்ணைகள் வரிசையாக ஏலத்திற்கு வந்தன. 1985இல் ஐயோவா அணி நாட்டின் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 19இல் இரண்டாமிடத்திலிருந்த மிச்சிகனை, கடைசி நொடியில் ராப் ஹௌட்லின் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துப் புள்ளி பெற்ற ஃபீல்டு கோலினால், 12க்கு 10 என்று இதே மைதானத்தில் வென்றது. நாடு முழுவதும் தன் அணியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த ஃப்ரை, அந்தப் பருவத்தில்தான் இந்த மூன்று எழுத்துகளைத் தலைக்கவசத்தில் ஒட்டச் செய்தார். ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளர், வெற்றியின் உச்சியில் நிற்கும்போது, தன்னைச் சுற்றியிருக்கும் மக்களின் துயரத்திற்கு அந்த வெற்றியிலிருந்து இடம் ஒதுக்கிக் கொடுத்தார் என்பதைத்தான் நான் அவரைப் பற்றிய செய்திகளிலேயே பெரியதாகக் கருதுகிறேன். பண்ணைகளை அது மீட்டுவிடவில்லை. ஆனால் நாற்பது ஆண்டு கழித்தும் அந்த வட்டம் தலைக்கவசத்தில் இருக்கிறது.

முதல் கால்பகுதி முடிந்ததும் ஆட்டம் நின்றது. அத்தனை பேரும் எழுந்து கிழக்கே திரும்பினார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை அரங்கத்தைவிட உயரமாக நிற்கிறது. அதன் மேல்தள ஜன்னல்களுக்குப் பின்னாலிருந்து களத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, அரங்கத்திலிருப்பவர்கள் எல்லாரும், எதிரணி ஆட்டக்காரர்களும் நடுவர்களும் உட்பட, கையசைக்கிறார்கள். இது 2017இல் தொடங்கிய வழக்கம், ஃப்ரைக்கு இதில் பங்கில்லை. ஆயினும் களத்திற்கு வெளியே இருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளும் பழக்கம் இந்தக் கூட்டத்திற்கு முன்பே வந்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. என் மகள் இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தாள். மேலே ஒரு ஜன்னலில் யாரோ கைபேசி விளக்கை ஏற்றி அணைத்தார்கள்.

குறையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் ஃப்ரையிடமிருந்து வந்ததுதான். எதிரணி உடை மாற்றும் அறைக்கு அவர் இளஞ்சிவப்பு வண்ணம் பூசச் செய்தார். அந்த நிறம் மனத்தைத் தணித்துப் போராடும் வேகத்தைக் குறைக்கும் என்பது அவருடைய உளவியல் கணக்கு. 2005ஐ ஒட்டி அரங்கம் புதுப்பிக்கப்பட்டபோது கழிப்பறைக் கோப்பைகள் வரை எல்லாம் அந்த நிறத்திலேயே அமைக்கப்பட்டன. பெண்களுக்குரியதாகக் கருதப்படும் நிறத்தைப் பலவீனத்தின் அடையாளமாக்குவது தவறு என்று அப்போது அந்தப் பல்கலைக்கழகத்திற்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். பார்வையாளர் யாரும் அந்த அறையை ஆட்ட நாளில் பார்க்க முடியாது. ஆனால் கடைத்தெருவில் அதைப் பற்றிய பெருமைப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

ஃப்ரை தேசியக் கோப்பையை ஒருமுறையும் வென்றதில்லை. ஐயோவாவை 1981, 1985, 1990 ஆகிய பருவங்களில், சிறந்த அணிகள் மட்டும் அழைக்கப்படும் பருவ இறுதி ஆட்டங்களான ‘போல்’ ஆட்டங்களில் புகழ்பெற்ற ரோஸ் போலுக்குக் கொண்டுபோய், மூன்றிலும் தோற்றார். கோப்பைக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இவரை இரண்டாம் வரிசையில் வைத்துவிடுவார்கள். ஆனால் அவர் எந்த அணிகளை ஏற்றுக்கொண்டார் என்று பார்க்க வேண்டும். டெக்சாஸில் தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்கும்போதே, கறுப்பின மாணவர்களைச் சேர்க்க அனுமதி வேண்டும் என்று நிபந்தனை வைத்து, 1965இல் ஜெர்ரி லீவையஸைச் சேர்த்தார். அந்தப் பகுதிக் கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடிய தென்மேற்குக் கூட்டமைப்பில் கால்பந்துக்காக உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவர். மறு ஆண்டே அந்த அணி 18 ஆண்டுகளுக்குப் பிறகு கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. அங்கிருந்து வடக்கு டெக்சாஸ், அதற்குப் பிறகு ஐயோவா. மூன்றும் நலிந்து கிடந்தவை. ‘அரிக்கிற இடத்தில்தான் சொறிய வேண்டும்’ என்பது அவர் அடிக்கடி சொன்ன சொல். எதிரி எங்கே பலவீனமோ அங்கே அடிப்பதற்காகச் சொன்னது, தன் அணியில் எதைச் சீர்செய்ய வேண்டுமோ அதில் கைவைப்பதற்கும் பொருந்தும்.

அதைவிட முக்கியமானது அவர் கூட வைத்திருந்த ஆட்கள். 1983ஆம் ஆண்டு ஐயோவாவின் உதவிப் பயிற்சியாளர் வரிசையில் பில் ஸ்னைடர், பாரி அல்வாரெஸ், கிர்க் ஃபெரன்ட்ஸ், டான் மெக்கார்னி ஆகியோரும், அவர்களுக்குக் கீழே இளம் உதவியாளராக பாப் ஸ்டூப்ஸும் இருந்தார்கள். இவர்களில் ஸ்னைடர் 1989இல் பொறுப்பேற்ற கான்சஸ் ஸ்டேட் அணி, அதற்கு முன் ஆடிய 27 ஆட்டங்களில் ஒன்றில்கூட வென்றதில்லை. நாட்டின் பெரிய அணிகளில் 500 தோல்விகளை முதலில் எட்டியதும் அதுதான். முதல் ஆண்டில் ஒரே ஒரு வெற்றி. ஐந்தாம் ஆண்டில் ஒன்பது. 1998இல் நாட்டின் முதலிடம் வரை போய்விட்டு வந்தது. அல்வாரெஸ் 1990இல் விஸ்கான்சினில் முதல் ஆண்டு ஒரு வெற்றியும் பத்துத் தோல்விகளும் கண்டு, 1994 ஜனவரி முதல் நாள் ரோஸ் போலை வென்றார். ஆசானுக்குக் கிடைக்காத அந்த ஆட்டத்தை மொத்தம் மூன்று முறை வென்றார். மெக்கார்னி, ஐயோவாவின் பக்கத்துப் போட்டியாளரான ஐயோவா ஸ்டேட் அணிக்கு, 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் அதன் வரலாற்றிலேயே முதல் போல் வெற்றியை வாங்கித் தந்தார். அதே பருவத்தில் ஓக்லஹோமாவைத் தேசியப் பட்டத்திற்கு உயர்த்தியவர் பாப் ஸ்டூப்ஸ்.

ஃப்ரையின் கைவண்ணம் இவர்களிடம் எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஸ்னைடர் போன ஆண்டிலேயே கான்சஸ் ஸ்டேட்டுக்குப் புதிய காட்டுப்பூனைச் சின்னம் வந்தது. அல்வாரெஸ் காலத்தில், 1991இல், விஸ்கான்சினுக்குச் சாய்ந்து பாயும் எழுத்து வடிவில் புதிய சின்னம் வந்தது. ஐயோவாவையும் சேர்த்து மூன்று ஊர்களிலும் அந்தச் சின்னங்கள் இன்னும் மாறவில்லை. ஐயோவாவிலோ, ஃப்ரைக்குப் பிறகு 1999இல் வந்தவர் ஃபெரன்ட்ஸ். அவருக்கும் முதல் ஆண்டில் ஒரு வெற்றிதான். பொறுத்திருந்தார்கள், 2002இல் 11 ஆட்டங்களை வென்றார், 2018இல் ஐயோவாவில் ஃப்ரை பெற்றிருந்த 143 வெற்றிகளைத் தாண்டினார். பயிற்சியாளர்களை இரண்டு, மூன்று ஆண்டுகளில் விரட்டிவிடும் ஆட்டத்தில், 1979இலிருந்து இந்த அரங்கம் இரண்டே பேரைத்தான் பார்த்திருக்கிறது.

இருக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பக்கத்து இருக்கைகளை வாங்குங்கள். பிற்பகல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். எதிரே மருத்துவமனை நேராகத் தெரியும். பெரும்பாலும் சாய்மானமில்லாத நீள் பலகைகள் என்பதால் முதியவர்களை அழைத்துப்போனால் முதுகுக்கு வைத்துக்கொள்ள ஏற்பாடு தேவை. எதை உள்ளே அனுமதிக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்ப முயல வேண்டாம், வண்டிகள் நகராது. தெற்கு வாயிலில், அரங்கத்திற்குப் பெயர் தந்த பழைய ஐயோவா ஆட்டக்காரர் நைல் கின்னிக்கின் வெண்கலச் சிலை இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டலாம். நேரம் இருந்தால், பக்கத்து ஊரான கோரல்வில்லில் ஃப்ரையின் பெயர் தாங்கிய சாலை வழியாகத் திரும்புங்கள். 2009இலிருந்து அங்கே ஆண்டுதோறும் அவர் பெயரில் விழாவும் நடக்கிறது.

செலவும் அலைச்சலும் சேர்த்துப் பார்த்தாலும் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருவேன். அரை நட்சத்திரத்தைக் குறைத்தது அந்த இளஞ்சிவப்பு அறை. வரும் இலையுதிர் காலத்தில் கான்சஸ் ஸ்டேட் அணியின் ஊரான, கான்சஸ் மாநிலத்து மன்ஹாட்டனுக்குப் போவதாக இருக்கிறோம். அங்கே ஸ்னைடரின் பெயரை அரங்கத்திற்கு வைக்க முன்வந்தபோது, தன் பெயர் மட்டும் வேண்டாம், குடும்பத்தின் பெயராக இருக்கட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். பில் ஸ்னைடர் குடும்ப அரங்கம் என்றே அதற்குப் பெயர். போய்வந்து அதைப் பற்றியும் எழுதுகிறேன்.