“ஊரு” எந்த மொழி? கிளானா, ஈலானா?

ஓசூரில் எங்கள் பெரியம்மா வீட்டில் பேச்சு தெலுங்கில் தொடங்கும். தக்காளி ரேட்டு வந்தால் தமிழுக்குத் தாவும். பாட்டிக்குக் கோபம் வந்தால் கன்னடம். ஆய்வுக்காக, அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான், ஆறு மணி நேரம் பதிவு செய்து எழுத்தாக்கினேன். பேச்சுப் பதிவை எழுத்தாக்கிக் குறி போட்டு அலசும் மென்பொருள்களான கிளான், ஈலான் இரண்டிலும் அலசிப் பார்த்துவிட்டுக் கிளானில் நின்றுவிட்டேன்.

இரண்டும் இலவசம். ஈலான் நெதர்லாந்தில் நைமேகன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தது. கிளான், 1984-இல் தொடங்கிய சைல்ட்ஸ் குழந்தைமொழித் தரவகத்தின் கருவி.

என்னைத் தீர்மானிக்க வைத்தவை நாலு சொற்கள்: ஊரு, பேரு, காலு, பாலு. பேச்சுத்தமிழிலும் அதுதான், தெலுங்கிலும் அதுதான். எந்த மொழியில் சேர்ப்பது? ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தமிழ் என்றே போட்டேன். சுத்தமான தெலுங்கு வாக்கியத்திலும் “மொழி தாவியது” என்று கணக்கு ஏறியது. கிளானில் சொல்லின் வாலில் @ போட்டு மொழியைக் குறிக்கும்போது, நடுவே & வைத்து இரு மொழியையும் எழுதலாம்: எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். தெலுங்கு வேரில் தமிழ் விகுதி ஒட்டினால் +. பிறகு ஃப்ரெக் கட்டளை அந்தந்தக் குறியைத் தனியாக எண்ணித் தரும். எந்தச் சொல்லுக்கு எந்தக் குறி என்ற முடிவை என் வழிகாட்டி மூன்று முறை மாற்றினார். கோப்பு வெறும் உரை, நோட்பேடில்கூடத் திறக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு சாயங்காலத்தோடு வேலை முடிந்தது.

அதே வேலைக்கு ஈலானில் ஆளுக்கு மூன்று அடுக்கு (ஒலியின் நேரத்தோடு ஓடும் குறிப்பு வரிசை) வைத்தேன்: வாக்கியம், சொல், மொழி. ஐந்து பேருக்கு 15, சிக்கலாகிவிட்டது. அடுக்குகளை முதலிலேயே யோசித்து அமைத்திருக்க வேண்டும்; தப்பு என்னுடையதுதான். ஆனால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தும்போது யார் எந்த நொடியில் பேசினார் என்று பிரித்துப் பார்க்க ஈலான்தான். நான் ஒலி மட்டுமே பதிந்தேன். வீடியோ வைத்துக் கைசாடையை ஆராய்பவர்கள் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். ஈலான் கோப்பைக் கிளான் வடிவுக்கு மாற்றவும் வழி உண்டு. ஒரே ஒரு கோப்பில் முயன்றேன், ஓடியது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கிளானும் சாதுவல்ல. வரி முடிவில் புள்ளி விட்டுப்போனால் பிழை பார்க்கும் செக் கட்டளை விடாது. முதல் வாரம் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பாட்டியின் “ஊரு” கன்னடத்துக்கும் சொந்தம். அதற்கு எத்தனை & போடுவது என்று வழிகாட்டியோடு இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.