5407-ஆ, 5903-ஆ? பூச்சுத் துணிக்கு நாங்கள் எடுத்த முடிவு

பல்லடம் ரோட்டில் ரெயின்கோட்டும் ஸ்கூல் பேக்கும் தைக்கிற சின்ன யூனிட் எங்களுடையது. பனியன் துணி வேண்டுமென்றால் திருப்பூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும், தறித்துணி என்றால் சோமனூர் இருக்கிறது. பின்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய மெல்லிய பாலியஸ்டரை மட்டும் வெளிநாட்டிலிருந்து இறக்குகிறோம். இறக்கும் சரக்கு எதுவானாலும் சுங்க வரிப் பட்டியலில் அதற்குரிய எண்ணைக் காட்ட வேண்டும். அந்த எண்ணைத் தலைப்பு என்பார்கள், வரி அதைப் பொறுத்தது. 5407, 5903 அப்படி இரண்டு தலைப்புகள்.

முதல் லோடை 5407-இல் போட்டோம். பாலியஸ்டர் இழை, தறியில் நெய்தது, அப்புறம் என்ன யோசனை என்றுதான் நினைத்தோம். துறைமுகத்தில் கேள்வி வந்தது. மாதிரி வெட்டி ஆய்வுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரும்வரை கன்டெய்னர் நின்றது, டிமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறியது. ஜூன் மழைக்கு முன்னால் கேரளாவுக்குப் போக வேண்டிய கோட்டுகள் தைக்கத் துணியில்லாமல் டெய்லர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு தலைப்புகளையும் அவற்றின் குறிப்புகளோடு வரிவரியாகப் படித்தேன். இப்போது எங்கள் துணிக்கு 5903 என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

5407 என்பது செயற்கை இழை நூலால் நெய்த துணிகளுக்கானது. பாலியஸ்டர் எடையில் 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அடுத்து நூலைப் பார்க்க வேண்டும். டிடிஒய் போல சுருள் ஏற்றிய நூலில் சாயமிட்ட துணி என்றால் 5407 52, சுருள் ஏற்றாத எஃப்டிஒய் என்றால் 5407 61. பஞ்சுபோல வெட்டி நூற்ற பாலியஸ்டர் இதில் சேராது, அது 5512-க்குப் போகும். இதெல்லாம் நம்மூர் நூல் வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

5903 நூலைக் கேட்பதில்லை, பூச்சைக் கேட்கிறது. பிவிசி என்றால் 5903 10, பாலியூரித்தேன் என்றால் 5903 20, மற்ற பிளாஸ்டிக் 5903 90. ஆனால் உள்ளே நுழைய ஒரு நிபந்தனை உண்டு, அது வரிப் பட்டியலின் 59-ஆம் அத்தியாயத்தில் 2-ஆம் குறிப்பில் இருக்கிறது: பூச்சு வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும். பூச்சினால் நிறம் மாறியிருந்தால் அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

விஷயம் முழுக்க இந்த ஒரு வரியில்தான். துணி தண்ணீர் தாங்குகிறதா என்று சட்டம் கேட்கவில்லை. கைக்கு மொடமொடப்பாக இருக்கிறதா, கசக்கினால் சத்தம் வருகிறதா என்றும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தண்ணீர் ஒட்டாமல் உருண்டோட ஃபினிஷ் மட்டும் கொடுத்த துணியில் பிளாஸ்டிக் எதுவும் கண்ணுக்குப் படாது, அது 5407-லேயே நிற்கும். எங்கள் துணியின் பின்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பால் நிறத்தில் ஒரு படலம் நெசவுக் கண்களை மூடியிருப்பது தெரியும். வெட்டிய விளிம்பிலும் இழை தனியாக, படலம் தனியாக நிற்கும். லேப்பில் பூச்சின் பெயரும் எடையும் கேட்டால் அதை மட்டும்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரிகிறதா என்பதையும் சேர்த்து எழுதிக் கேட்பது நல்லது.

அதே குறிப்பில் இன்னும் இரண்டு வேலிகள் உண்டு. 15 முதல் 30 டிகிரி வெப்பத்தில் 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைச் சுற்றிக் கையால் வளைத்தால் ஒடிகிற சரக்கு 5903 ஆகாது. இரண்டு பக்கமும் முழுக்க, கண்ணுக்குத் தெரியும்படி பிளாஸ்டிக் மூடியிருந்தாலும் ஆகாது. இவை பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்கான 39-ஆம் அத்தியாயத்துக்குப் போகும். கனமான பிவிசி தார்ப்பாய்த் துணி நாங்கள் இறக்கியதில்லை, அதில் என் அனுபவம் கைகொடுக்காது.

வரிக் கணக்கும் ஒன்றல்ல. 5407-இன் பல துணைத் தலைப்புகளில் சதவீதம் ஒரு பக்கம், சதுர மீட்டருக்கோ கிலோவுக்கோ இத்தனை ரூபாய் என்பது இன்னொரு பக்கம். எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். விலை குறைந்த மெல்லிய துணிக்கு இது பலமாக இடிக்கும். 5903-இல் சதவீதம் மட்டும். இதற்காகவே 5903-க்குத் தாவுகிறவர்களும் உண்டு, அது தப்பு. தலைப்பைத் துணிதான் முடிவு செய்ய வேண்டும். வரி குறைவாகக் கட்டியிருந்தால் சுங்கச் சட்டம் 28-ஆம் பிரிவில் இரண்டு வருடம்வரை நோட்டீஸ் வரலாம், மறைத்ததாகக் கருதினால் ஐந்து வருடம்வரை.

ஒரே துணியை வருடக்கணக்கில் இறக்கப் போகிறவர்களுக்கு எந்தத் தலைப்பு என்று முன்கூட்டியே கேட்டு வாங்கும் முன்தீர்ப்பு என்ற வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 28எச் பிரிவில் விண்ணப்பம், கட்டணம் 10,000 ரூபாய், தீர்ப்பு கேட்டவருக்கு மட்டும் செல்லும். எங்களுக்கு லோடுகள் குறைவு என்பதால் நான் போகவில்லை.

அதற்குப் பதில் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சாண் துணி வெட்டி, சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியின் நம்பர் எழுதி ஃபைலில் வைக்கிறேன். மில்காரர்கள் பூச்சின் எடையை லாட்டுக்கு லாட் மாற்றிவிடுகிறார்கள், அதனால் ஆர்டரிலேயே பூச்சு எத்தனை கிராம் என்று எழுதி வாங்குகிறேன்.

போன மாதம் கப்பலேறும் முன் வந்த சாம்பிளைப் பார்த்துவிட்டு கிளியரிங் ஏஜெண்ட் கேட்டார்: "ஏனுங்கண்ணா, இதையும் 5903-லயே போட்டுறலாமுங்களா?" வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வெறும் நெசவுதான் தெரிந்தது. அதை 5407-இல் போடச் சொன்னேன்.