ஜெஜு ஏர்: பல வருடமாகப் பறக்கும் ஒரு பயணியின் அனுபவம்

கொரியாவின் தேஜோனுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து நான் அதிகம் ஏறியது ஜெஜு ஏர் விமானங்களில்தான். முதலில் டிக்கெட் மலிவு என்பதற்காக மட்டும் ஏறினேன். இவர்களால் எப்படி இந்த விலைக்குத் தர முடிகிறது என்று கவனிக்க ஆரம்பித்த பிறகு, நான் டிக்கெட் எடுக்கும் முறையே மாறிவிட்டது.

ஜெஜு ஒரு தீவு. அங்கே இருப்பவர்களுக்கு விமானம் என்பது தினசரிப் போக்குவரத்து. அப்போது இருந்த கொரியன் ஏர், ஏசியானா என்ற இரண்டு பெரிய விமான நிறுவனங்கள் கேட்டதுதான் விலை. அதனால் 2005 ஜனவரியில் ஜெஜு மாகாண அரசும், சோப்பு, சலவைத்தூள் விற்று வளர்ந்த ஏக்யோங் குழுமமும் கூட்டாக இந்த நிறுவனத்தைத் தொடங்கின. 2006 ஜூனில் சியோலின் கிம்போவிலிருந்து ஜெஜுவுக்கு முதல் விமானம் பறந்தது. கட்டணம் பெரிய நிறுவனங்களின் கட்டணத்தில் சுமார் 70 சதவீதம். பங்குதாரரான மாகாண அரசு விலை விஷயத்தில் பேசாமல் இருந்ததில்லை. 2017-இல் கட்டணம் உயர்ந்தபோது நீதிமன்றம் வரை போனது. ஊர்க்காரர்களுக்காகப் பிறந்த நிறுவனம் என்ற நினைப்பு அங்கே இன்னும் வலுவாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும்.

சிறிய டர்போபிராப் (விசிறி வைத்த) விமானங்களோடு தொடங்கியவர்கள் 2008 முதல் போயிங் 737-800-க்கு மாறினார்கள். அதன் பிறகு வேறு ரகத்தின் பக்கம் போகவே இல்லை. ஒரே ரகம் என்றால் விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் ஒரே பயிற்சி போதும், உதிரிபாகமும் ஒன்றுதான், ஒரு விமானம் பழுதானால் வேறொன்றை உடனே அனுப்பலாம். உள்ளே 189 இருக்கைகள். உயரமானவர்களுக்கு முழங்கால் இடிக்கும். ஒரு மணி நேர ஜெஜு பயணத்துக்கோ இரண்டு மணி நேர ஜப்பான் பயணத்துக்கோ அது பெரிய விஷயமில்லை. பாங்காக் போகும்போது தெரியும். அதனால் நீண்ட பயணத்துக்கு முன்வரிசை இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டுவேன், அந்தச் செலவு தகும்.

சரி, கட்டணத்துக்கு வருவோம். சர்வதேச டிக்கெட்டில் அடிப்படை விலைக்குக் கிடைப்பது இருக்கையும் 10 கிலோ கைப்பையும்தான். சாப்பாடு, பெரிய பெட்டி எல்லாம் தனி. ஜனவரியிலும் ஜூலையிலும் 'ஜிம்' என்ற பெயரில் பெரிய தள்ளுபடி விற்பனை வரும். பல மாதம் கழித்துப் பறக்கும் இருக்கைகளை முன்கூட்டியே விற்றுவிட்டால் நிறுவனத்துக்குக் கையில் பணம், எந்தத் தடத்துக்கு ஆள் வருவார்கள் என்ற கணக்கும் முன்பே தெரிந்துவிடும். நமக்கு விலை குறைவு, ஆனால் ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் திரும்பாது. விளம்பரத்தில் காட்டும் விலையை நம்பாமல், எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் பெட்டிக்கான தொகையையும் சேர்த்துப் பாருங்கள். எரிபொருள் கட்டணம் மாதாமாதம் மாறும். இரண்டு பெட்டியோடு குடும்பமாகப் போகிறவர்களுக்கு, கூட்டிப் பார்த்தால் பெரிய நிறுவனமே லாபமாக இருப்பதும் உண்டு.

இவர்களின் உண்மையான பலம் ஜப்பான்தான். டோக்கியோ, ஒசாகா, ஃபுகுவோகாவோடு நிற்காமல் மட்சுயாமா, ஷிசுவோகா, ஓய்தா என்று சிறிய ஊர்களுக்கும் போகிறார்கள். அங்கே போட்டி குறைவு. மட்சுயாமாவின் தோகோ வெந்நீர் ஊற்றுக்கு நான் போனதே நேரடி விமானம் இருந்ததால்தான். ஆனால் ஒரே நாட்டின் மேல் இவ்வளவு சாய்வது ஆபத்து. 2019-இல் ஜப்பானைப் புறக்கணிக்கும் இயக்கம் கொரியாவில் பரவியபோது இருக்கைகள் காலியாகின, அந்த ஆண்டு நட்டம். அடுத்து கொரோனா. 2022 அக்டோபரில் ஜப்பான் விசா இல்லாமல் திரும்பத் திறந்ததும் கூட்டம் அள்ளியது. 2023 வருவாய் சுமார் 1.7 லட்சம் கோடி வொன்.

இந்தக் காலத்தில் இன்னொரு மலிவு விலை நிறுவனமான டீவே ஏர், பெரிய ஏர்பஸ் ஏ330 விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து, கொரியன் ஏர்–ஏசியானா இணைப்புக்காக விட்டுக்கொடுக்கப்பட்ட பாரிஸ், ரோம் தடங்களில் இறங்கியது. 2024-இல் நட்டம் கண்டது. ஜெஜு ஏர் அந்தப் பக்கம் போகாதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதற்குப் பதில் குத்தகை விமானங்களைக் குறைத்து, அதே 737 ரகத்தில் எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புதிய 737-8 விமானங்களைச் சொந்தமாக வாங்கத் தொடங்கினார்கள். குத்தகை டாலரில், வருமானம் வொன்னில் என்பதால் வொன் சரியும்போதெல்லாம் அடி விழும். சொந்த விமானம் அந்த அடியைக் குறைக்கும்.

பிறகு 2024 டிசம்பர் 29. பாங்காக்கிலிருந்து வந்த 2216 விமானம் பறவைகள் மோதியபின் கொரியாவின் முவான் விமான நிலையத்தில் சக்கரமில்லாமல் தரையிறங்கி, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த கான்கிரீட் மேட்டில் மோதியது. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். அதே தடத்தில் நானும் வந்திருக்கிறேன். பல நாள் தூக்கம் வரவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களை இன்றும் நினைக்கிறேன்.

விபத்துக்குப் பின் எல்லோரும் பேசிய எண் ஒன்று உண்டு. ஜெஜு ஏரின் ஒரு விமானம் மாதம் சராசரியாக 418 மணி நேரம் பறந்தது, கொரியன் ஏர் 355. விபத்தின் காரணம் அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலிவு விலையின் அடித்தளமே விமானத்தைத் தரையில் நிறுத்தாமல் ஓட்டுவதுதான், அதற்கு ஓர் எல்லை வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் சுமார் 1,900 சேவைகளை நிறுவனம் குறைத்தது. அதனால் விலை ஏறினாலும் கொடுக்கத் தயார்.

இப்போதும் ஏறுகிறேன். தேஜோனுக்குப் பக்கத்திலிருக்கும் சோங்ஜுவிலிருந்து ஜெஜுவுக்கு இவர்கள்தான் என் முதல் தேர்வு. ஊருக்கு வரும்போது பாங்காக் வரை இதில் வந்து, வேறு டிக்கெட்டில் சென்னை போகலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்றே சொல்வேன். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் உங்கள் பொறுப்பு.