கொளுவு ரெபூஜியம் பெட்டி: பெட்டி பரவாயில்லை, லைற்றை நம்பாதீர்கள்

பிராண்ட் பெயர் எதுவும் இல்லாமல் இணையத்தில் விற்கிற, மீன்தொட்டி விளிம்பில் கொளுவுகிற அக்றிலிக் பெட்டி இது. ரெபூஜியம் என்றால் தொட்டித் தண்ணியின் கழிவுச்சத்தை உறிஞ்சப் பாசி வளர்க்கிற தனி இடம். உள்ளளவு 30 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், 20 உயரம். வழிவாய் மட்டத்துக்குச் சுமார் 5 லீற்றர் தண்ணி பிடிக்கும். மணிக்கு 300 லீற்றர் என்று எழுதிய குட்டி மோட்டரும் கிளிப் லைற்றும் கூட வரும். 100 லீற்றருக்கு உட்பட்ட உப்புத்தண்ணித் தொட்டி, மூன்று நாலு சின்ன மீன் என்றால் தாராளமாக வாங்கலாம். அதைவிடப் பெரிய தொட்டிக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கண்ணாடி வெட்டுகிற கடையில் அளவு கொடுத்து, தொட்டிக்குக் கீழே வைக்கிற சம்ப் (வடிகட்டும் துணைத்தொட்டி) ஒட்டுவிப்பதுதான் புத்தி.

கூட வருகிற லைற் வெறும் 3 வாட்ஸ், அதுவும் நீலம் தூக்கல். பார்க்க வடிவு, பாசிக்கு உதவாது. கீற்றோமோர்பா பாசி ஒரு கிழமைக்குள் துண்டு துண்டாக உதிர்ந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 6500 கெல்வின் வெள்ளை எல்.ஈ.டி பல்ப், 10 அல்லது 12 வாட்ஸ், பெட்டிக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் பூட்டுங்கள். தொட்டி லைற் அணைந்த பிறகு இரவில் 10 மணித்தியாலம் எரியட்டும். சூடான தண்ணியில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் விடியப்புறம் மீன் மேலே வந்து வாய் பிளப்பதை இந்த இரவு வெளிச்சத்தில் பாசி விடுகிற ஒட்சிசன் ஓரளவு தடுக்கும், பீஎச்சும் (தண்ணியின் அமில-கார அளவு) அவ்வளவாக விழாது. ரைமர் வாங்கும்போது பற்றரி உள்ள டிஜிற்றலாகப் பாருங்கள். சுழல்தட்டு ரைமர் கரண்ட் போகிற நேரமெல்லாம் நின்றுவிடும். நாலு கரண்ட் கட்டுக்குப் பிறகு உங்கள் இரவு லைற் மத்தியானம் எரியும்.

பெட்டியின் உண்மையான குறை வழிவாய்ச் சீப்பு, அதாவது தண்ணி தொட்டிக்குத் திரும்புகிற வாயில் இருக்கிற பல்வரிசை. பல் இடைவெளியில் பாசி இழை சிக்கினால் தண்ணி மட்டம் ஏறி, பின்பக்கத்தால் சுவரில் வழியும். பிளக் அங்கேதான் இருக்கும்! சீப்புக்கு முன்னால் 3 மில்லிமீற்றர் கண் பிளாஸ்ரிக் வலையை அரைவட்டமாக வளைத்து வையுங்கள். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் வழிந்த தண்ணி அந்த வளைவில் சொட்டும், பிளக்குக்கு ஏறாது. கரண்ட் நின்றால் மோட்டர் ரியூப் வழியாகப் பெட்டித் தண்ணி தொட்டிக்கே இறங்கிவிடும், பாசி காயும். பெட்டிக்குள் இருக்கிற ரியூபில், நீர்மட்டத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே 3 மில்லிமீற்றர் துளை போட்டால் காற்று இழுத்து நின்றுவிடும். அந்தத் துளை அடைபடும், மாதம் ஒருக்கால் ஊசியால் குத்த வேண்டும்.

தண்ணியைக் குளிர்த்த விசிறி பூட்டியிருந்தால் தண்ணி வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணிதான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே ஈடு செய்ய ஆர்.ஓ. தண்ணிதான் (உப்பும் தாதுவும் வடிகட்டிய தண்ணி) விட வேண்டும். வன்னிக் கிணத்துத் தண்ணி கடினம், கூடாது. தகரக் கூரை மழைத்தண்ணியில் நாகம் (சிங்க் உலோகம்) கரைந்து இறங்கும், இறாலும் நத்தையும் தாங்காது. கடல்தண்ணி முல்லைத்தீவில் அள்ளுகிறவர்கள் மாரியில் விட்டுவிடுங்கள். வட்டுவாகல் முகத்துவாரம் திறந்திருக்கிற காலத்தில் கரையோரத் தண்ணி கலங்கல், உப்பும் குறைவு. அடர்த்தி 1.025 வருகிறதா என்று அளந்து பார்த்தே ஊற்றுங்கள்.

கீற்றோ கொழும்பிலிருந்து ஈரப் பேப்பரில் சுற்றி இரவு பஸ்ஸில் வந்தாலும் பிழைக்கும். ஒரு கைப்பிடி போதும். உப்புத்தண்ணியில் உதறிக் கழுவி, பச்சைக் குமிழ்ப்பாசியும் எயிப்ராசியாவும் (தொட்டியெங்கும் பரவுகிற கடற்சாமந்தி) ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோலெர்ப்பா என்ற பாசி வேண்டாம். அது இனப்பெருக்க வித்துகளை வெளியிட்டால் ஒரே இரவில் வெளிறி, தொட்டி பால் நிறமாகும்.

பெட்டி நிறைந்ததும் பாதியைப் பிடுங்கி எறியுங்கள். எறிந்தால்தான் பாசி உறிஞ்சிய நைத்திரேற்றும் பொசுபேற்றும் (மீன் கழிவில் சேருகிற சத்துகள்) வெளியேறும். பிடுங்குகிறபோது பாசியைத் தொட்டித் தண்ணியில் ஒரு தரம் உலுப்பினால் உள்ளே பெருகின குட்டி இறால்பூச்சிகள் மீனுக்குச் சாப்பாடாக விழும். நல்ல லைற் இருந்தும் பாசி வெளிறினால் நைத்திரேற்றை அளந்து பாருங்கள். பூச்சியம் காட்டினால் லைற்றை 6 மணித்தியாலமாகக் குறையுங்கள். 5 பீ.பீ.எம். (பத்து இலட்சத்தில் 5 பங்கு) அளவில் இருந்தும் வெளிறுகிறதென்றால் பெரும்பாலும் இரும்புச்சத்துப் போதாது, தொட்டித் தண்ணியில் பத்தில் ஒரு பங்கை மாற்றிப் பாருங்கள்.