41 எம்பி எக்ஸ்எம்எல்: வெட்டுவதா, வழியை அகலமாக்குவதா?

மயிலாடுதுறையில் இருக்கும் பெரியப்பா பதினோரு வருஷமாகக் கோயில், குளம், ஆற்றங்கரை மண்டபம் என்று எழுதிக் குவித்த வலைப்பூவைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. வலைப்பூ நடத்துகிற மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைல், 41 எம்பி. புது இடமோ 2 எம்பிக்கு மேல் வாங்க மாட்டேன் என்கிறது. வேர்ட்பிரஸ் ஓடுகிற பிஎச்பி மொழியின் அமைப்பில் எதையும் தொடாமல் விட்டால் அப்லோட் வரம்பு அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அந்த ஃபைலில் படம் ஒன்றுகூடக் கிடையாது, எழுத்தும் பட முகவரியும்தான். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை சீக்கிரமே வந்துவிடும். எழுத்தைக் கணினியில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறிதான். 'தஞ்சாவூர்' என்றால் 9 குறி, 27 பைட். அதையே ஆங்கிலத்தில் அடித்தால் 9 பைட்டில் முடிந்துவிடும்.

முதலில் நான் செய்தது மடத்தனம். லினக்ஸின் ஸ்பிளிட் கட்டளையைப் போட்டு பைட் கணக்கில் நறுக்கினேன். ஒரு 'கா'வில் 'க' மட்டும் முதல் ஃபைலின் கடைசியிலும் அதன் துணைக்கால் அடுத்த ஃபைலின் தொடக்கத்திலும் கிடந்தன. அதுகூடப் பரவாயில்லை. தளத்தின் பெயர், எழுதியவர், பகுப்பு எல்லாம் ஃபைலின் தலைப்பகுதியில் இருக்கும், ஒவ்வொரு பதிவும் ஒரு ஐட்டம், கடைசியில் மூடும் வரிகள். தலையும் வாலும் இல்லாத துண்டைப் புதுத் தளத்தில் ஃபைலை வாங்கிப் பதிவாக்குகிற இம்போர்ட்டர் ஏறெடுத்தும் பார்க்காது. எடிட்டரில் கையால் வெட்டலாம், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் அந்தத் தலையையும் வாலையும் ஒட்ட வேண்டும். இரண்டு மூன்று துண்டு என்றால் சரி.

இதையே தானாகச் செய்கிற ஸ்பிளிட்டர் கருவிகள் ஐட்டம் முடிகிற இடம் பார்த்து வெட்டுகின்றன. பழைய தளம் போய், கையில் ஃபைல் மட்டும் மிஞ்சியவருக்கு இதுதான் வழி. ஆனால் ஃபைலை ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றி வெட்டித் தரச் சொல்லாதீர்கள், கருத்து எழுதியவர்களின் மின்னஞ்சலும் ஐபி முகவரியும் அதற்குள் இருக்கின்றன. சொந்தக் கணினியில் ஓடுவதாகப் பாருங்கள்.

வெட்டவே வேண்டாம், வரம்பை ஏற்றிவிடலாம் என்பது அடுத்த கட்சி. பிஎச்பியில் அப்லோட் அளவு, ஒரே தடவையில் அனுப்பும் மொத்தத் தரவுக்கான போஸ்ட் அளவு இரண்டையும் ஏற்ற வேண்டும், ஒன்றை மட்டும் ஏற்றினால் பலனில்லை. ஏற்றினேன், ஃபைல் உள்ளே போனது, பாதியில் நின்றது. படங்களைப் பழைய தளத்திலிருந்து ஒவ்வொன்றாக இழுக்கும்போது நேர வரம்பு முடிந்துவிடுகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வராத கதை! நல்லவேளை, மறுபடி ஓட்டினால் அதே தலைப்பும் தேதியும் உள்ள பதிவைத் தாண்டிப் போய்விடும், இரட்டிப்பு ஆகாது.

சர்வருக்குள் நுழைந்து கட்டளை அடிக்கிற எஸ்எஸ்எச் வசதி இருந்தால் பேச்சே வேண்டாம், வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளையால் ஓட்டுகிற டபிள்யூபி-சிஎல்ஐதான். அப்லோட் வரம்பு அதற்குக் குறுக்கே வராது, எக்ஸ்போர்ட் செய்யும்போதே 15 எம்பிக்கு ஒன்றாகத் தானே பிரித்தும் தரும். எங்கள் மலிவு ஹோஸ்டிங்கில் அது இல்லை.

கடைசியில் கைகொடுத்தது எக்ஸ்போர்ட் பக்கத்திலேயே இருக்கிற தேதிப் பெட்டி. 'எல்லாம்' என்பதை விட்டு 'பதிவுகள்' என்று தேர்ந்தெடுத்தால்தான் அது கண்ணில் படும். வரம்பை 16 எம்பியாக வைத்து, வருஷத்துக்கு ஒரு ஃபைலாகப் பதினொன்று, பக்கங்களும் மீடியாவும் தனி. ஒரு ஃபைல் தகராறு செய்தால் எந்த வருஷம் என்று உடனே தெரிகிறதே, எனக்கு அதுவே போதும். ஒரு குறை உண்டு: முகப்புப் படத்தைப் பதிவோடு திரும்ப இணைக்கிற வேலை ஒரே ஓட்டத்துக்குள் வந்தவற்றுக்குத்தான் நடக்கும். தளம் காலியாக இருந்தால் பதிவுக்கும் படத்துக்கும் பழைய அடையாள எண்களையே இம்போர்ட்டர் கொடுக்கப் பார்க்கும் என்பதால் எனக்குப் பெரும்பாலும் தப்பித்தது.

பெரியப்பா போனில் பார்த்துவிட்டு, "திருவாவடுதுறை பதிவுல ரெண்டு படம் காணுமேப்பா" என்றார். பழைய ஹோஸ்டிங்கை இன்னும் மூடவில்லை. இன்று ராத்திரி மீடியா ஃபைலை மட்டும் மறுபடி ஓட்டுகிறேன்.